அமலோற்பவத்தின் கைவேலை

நிலவின் தென்முனைப் பள்ளத்தில் உள்ள புதுத்துறைக் குடியிருப்பில், மக்கள் காலையில் எழுந்ததும் தங்கள் காதிடம் கேட்கும் முதல் கேள்வி: "எனக்குப் பசிக்கா?" காதெலும்புக்குப் பின்னால் பதித்திருக்கும் செவிமதி பதில் சொல்லும். பசிக்கிறது என்றால் சாப்பிடுவார்கள். மனைவியிடம் கோபப்படலாமா, துக்க வீட்டில் எவ்வளவு நேரம் நிற்பது, பிள்ளைக்கு என்ன பெயர் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கும். பதினோராயிரம் பேர் இப்படி வாழ்ந்தார்கள். யாருக்கும் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டும் என்று செவிமதி அவர்களிடம் சொன்னதில்லை.

குடியிருப்பை நிறுவியவர்களுக்கு மட்டும் ஒரு பயம் இருந்திருக்கிறது. காற்றுநிலையத்தில் ஓர் இரும்பு நெம்புகோலை வைத்துவிட்டுப் போனார்கள். அதை இழுத்தால் காற்றையும் ஓட்டும் செவிமதியின் பிடி அறுந்து, ஊரின் காற்று மனிதக் கைக்கு வந்துவிடும். அதன் காவலராக வருபவர் எந்திரத்தின் உதவியில்லாமல் ஏதாவது ஒரு பொருளைத் தன் கையால் செய்துகாட்ட வேண்டும். அதற்குப் பெயர் கைவேலைத் தேர்வு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும். முதலிடம் பெறுபவரிடம் நெம்புகோல் போகும்.

அமலோற்பவத்துக்கு வயது நாற்பத்தாறு. காற்றுவடிகட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை. செவிமதியிடம் மணி கேட்பதோடு சரி. ஊர்க்காரர்களை அவள் மனதுக்குள் 'நடக்கும் காதுகள்' என்றுதான் அழைப்பாள். எந்திரம் காற்றின் அளவைத் தவறாகப் படித்ததை அவள் இரண்டு முறை கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாள். மூன்றாவது முறை அது நடக்கும்போது நெம்புகோலருகே விவரம் தெரிந்த ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது, வள்ளம் என்ற சிறு படகைப் பாறைகளுக்கு நடுவே ஓட்டும் ஒரு விளையாட்டு நிரல். இருநூறு வருடத்துக்கு முந்தைய வீடியோ விளையாட்டுப் பெட்டிக்கு, அதே அளவு பழசாகிப்போன ஒரு மேக் மடிக்கணினியில் எழுதினாள். நிரல் எழுதப் பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். கட்டளைகளை எண்களாக மாற்றித் தருவது அசெம்ப்ளர் என்ற கருவி. முதல் நாள் மேக் அதைத் திறக்கவே மறுத்தது. இதைச் செய்தது யாரென்று சரிபார்க்க முடியவில்லையாம். அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுத்தாள். அடுத்து, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. கருவி எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று வழி காட்டினாள். பிறகு எல்லாம் ஓடியது. ஆனால் திரையில் இருந்த வள்ளம் மட்டும் நேராகப் பாறையில் போய் மோதியது.

ஒன்பது நாள் தேடினாள். ஓர் எண்ணுக்கு முன்னால் '#' குறி விட்டுப்போயிருந்தது. அதனால் எந்திரம் ஐந்து என்ற எண்ணை எடுக்காமல், நினைவகத்தின் ஐந்தாம் அறையில் கிடந்த குப்பையை எடுத்திருக்கிறது. குறியைப் போட்டாள். வள்ளம் பாறைகளுக்கு நடுவே வளைந்து போனபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினாள்.

பக்கத்து அறை சந்தனகுமார் எட்டிப்பார்த்தான்.

"என்னக்கா, தன்னால கைதட்டுதிய?"

"கேம் முடிஞ்சிட்டு. தேர்வுக்கு."

"நானும் கொடுத்திருக்கேன். காவலருக்கு ஜன்னல் வச்ச வீடாம்லா, பூமி தெரியுமாம். உங்களமாதிரி நானும் வள்ளம் கேம்தான். குளிக்கும்போது செவிமதிட்ட சொன்னேன், தலைய துவட்டுறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

"அது உன் கைவேலையா?"

"கேட்டது நான்தானக்கா?"

அவள் கதவைச் சாத்தினாள்.

தேர்வு அதிகாரி பொன்னுத்துரை அவளுடைய திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடித் தன் காதைக் கேட்டார்.

"தொண்ணுத்தெட்டு சதவீதம் எந்திரம் செஞ்சதாம், அம்மா."

"யார் சொன்னா?"

"செவிமதிதான். ஒரு தப்புகூட இல்லியாம். மனுசன் செஞ்சா ஒண்ணாவது இருக்கணும்லா?"

"இப்பவே உங்க முன்னால உக்காந்து எழுதிக் காட்டுதேன்."

"அத நான் பாத்து என்ன செய்ய? எனக்கு என்ன தெரியும்?"

சந்தனகுமாரின் விளையாட்டில் வள்ளம் சில சமயம் பாறைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. தலைப்பில் ஒரு துணைக்கால் விட்டுப்போய் 'விளையட்டு' என்று இருந்தது. பொன்னுத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுலதான் மனுச வாசம் அடிக்கி," என்றார். நெம்புகோல் சந்தனகுமாருக்குப் போனது.

மூன்றாம் வாரம் அமலோற்பவம் வடிகட்டி மாற்றக் காற்றுநிலையத்துக்குப் போனாள். அளவுமானிக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நெம்புகோலில் சந்தனகுமாரின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"விளக்கப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நெம்புகோல இழுக்கவான்னு செவிமதிட்ட கேட்டேன். வேண்டாம்னு சொல்லுது."

"அத எதுக்குடா இழுக்கிறது? எந்திரத்த நிறுத்தத்தான! நிறுத்தவான்னு அதுகிட்டயே கேட்டியா?"

"பின்ன யார்ட்ட கேக்க?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான். வேறு ஆள் நெம்புகோலைத் தொட்டால் நாடுகடத்தல். அவள் தரையில் படுத்து, அளவுமானியின் அடைபட்ட குழாயைக் கழற்றி, வாயால் ஊதிச் சுத்தம் செய்து மாட்டினாள். தவறான அளவை நம்பிச் செவிமதி குறைத்திருந்த காற்று திரும்ப ஏறியது, விளக்கு அணைந்தது. இன்னும் நாற்பது நிமிடம் போயிருந்தால் கீழ்த்தளத்தில் குழந்தைகள் மயங்கியிருப்பார்கள்.

"பாத்தியளா," என்றான் சந்தனகுமார். "வேண்டாம்னு அது சரியாத்தான் சொல்லிருக்கு."

அன்று அறைக்குத் திரும்பியதும் அமலோற்பவம் மேக் மடிக்கணினியை மூடிவைத்தாள். பிறகு, மணியைத் தவிர வேறொன்றை வாழ்க்கையில் முதன்முறையாகச் செவிமதியிடம் கேட்டாள்.

"ஒரு வள்ளம் கேம் செய். மனுசத் தப்போட."

"எத்தனை தவறுகள் வேண்டும்?"

"சந்தனகுமாருக்கு எத்தன வச்ச?"

"மூன்று."

"எனக்கு ஏழு வை."

அவள் எழுந்து கதவைச் சாத்துவதற்குள் செவிமதி அதைச் செய்து முடித்தது. அடுத்த தேர்வில் வள்ளம் பின்பக்கமாகப் போனது, மதிப்பெண் மேலிருந்து கீழாக எண்ணியது, பாறைகள் வானத்தில் மிதந்தன. பொன்னுத்துரை கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நூத்துக்கு நூறு! போன தடவ மாதிரி எந்திரத்த வச்சு ஏமாத்தாம, இப்பதான் அம்மா நீங்க சொந்தமா செஞ்சிருக்கிய."