சிரிக்க முடியாத மெட்டு

"சிரிங்க! வரவேற்புப் பாட்டுக்கு யாராவது முகத்தை இப்படி வச்சுக்குவாங்களா?"

சௌந்தரம் டீச்சர் ஆர்மோனியத்தை நிறுத்தினார். அவர் மாயவரத்துக்காரர். தங்கவயலுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"வார்த்தையை விடுங்க. மெட்டுக்குள்ளேயே உணர்ச்சி இருக்கும். இந்த மெட்டில் என்ன இருக்கு?"

"துக்கம், டீச்சர்!" என்றது ஐந்தாம் வகுப்பு.

"இவ்வளவு துள்ளலா இருக்கு, இதுவா துக்கம்? என்னைக் கேலி பண்றீங்களா?" டீச்சர் ஆர்மோனியத்தைப் பட்டென்று மூடினார். "நாளைக்கும் சிரிக்கலைன்னா, ஆண்டு விழாவில் உங்க வகுப்பு பாடாது."

வள்ளிக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. அவள் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். அதைப் பார்ப்பதற்காகவே அப்பா சுரங்கத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்டை மாற்றி வாங்கியிருந்தார்.

ஆனால் எப்படிச் சிரிப்பது? அந்த மெட்டைக் கேட்டால் கால் தானாகத் தாளம் போடுகிறது. நெஞ்சோ கல்லாய்க் கனக்கிறது. எதை நம்புவது, காலையா, நெஞ்சையா?

சாயங்காலம் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டே பழகிப் பார்த்தாள். பல்லைக் காட்டினாள். மெட்டை முனகினாள்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "யாருடி? சுரங்கத்துல எந்த ஷாப்டுக் குழியில?"

"யாரும் இல்லக்கா. நான்தான் பாடனேன்."

"சாவு மெட்டைப் பல்லைக் காட்டிக்கினு பாடறியே, உனக்கு இன்னா பைத்தியமா?"

"டீச்சர்தான் சிரிக்கச் சொன்னாங்க."

"உங்க டீச்சர் இன்னா, சாவே பார்த்ததில்லையா?"

பார்த்திருப்பார். ஆனால் மாயவரத்தில் சாவுக்கு இந்த மெட்டை வாசிப்பார்களா? வள்ளியின் கையிலிருந்த சாம்பல் கீழே கொட்டியது. டீச்சர் கேலி செய்யவில்லை. டீச்சருக்குத் தெரியவே தெரியாது!

எல்லார் முன்னாலும் சொன்னால் டீச்சருக்கு அவமானமாக இருக்கும். அதனால் மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே போனாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஜன்னல் பக்கமா உக்காந்து ஒரு வாட்டி வாசிங்க."

டீச்சர் வாசித்தார். ஷிப்டு முடிந்து சாலையில் போய்க்கொண்டிருந்த ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவராய்த் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள்.

டீச்சரின் விரல் நின்றது. "யார் இறந்துட்டாங்க?"

"யாரும் இல்ல, டீச்சர். நீங்க வாசிச்சீங்க, அதான்."

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வந்த புதுசுல பேண்டுக்காரங்க தெருவில் வாசிச்சுக்கிட்டுப் போனாங்க. கல்யாணம்னு நினைச்சேன். அழகா இருக்கேன்னு பிடிச்சு வச்சுக்கிட்டேன்." பிறகு மெல்லக் கேட்டார். "அப்படின்னா இது நிஜமாவே துக்க மெட்டா?"

"இங்க சாவுக்கு இதைத்தான் வாசிப்பாங்க. ஆனா மெட்டு துக்கமான்னு எனக்கும் தெரியல, டீச்சர். கால் ஆடுது. நெஞ்சு அழுவுது."

"எனக்கும் இப்ப ஒண்ணும் தெரியலை" என்றார் டீச்சர். "விழாவுக்கு இரண்டு நாள்தான் இருக்கு. உங்களுக்கு எந்த மெட்டைக் கேட்டால் சந்தோஷம்?"

வள்ளி யோசித்தாள். பிறகு கண்ணை மூடி ஒன்றை நீளமாக இழுத்தாள்.

"ஐயோ, ஒப்பாரி மாதிரி இழுக்குதே!"

"இல்ல டீச்சர்! எங்க லைன் வீடுங்க எல்லாத்துக்கும் ஒரே குழாய். தண்ணி வந்தா முதல்ல நிக்கறவங்க இப்படி இழுப்போம். கடைசி வீடு வரைக்கும் கேக்கணுமில்ல?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அதே வார்த்தைகளை அந்த மெட்டில் பொருத்தினார்கள். வகுப்பில் பாபு மட்டும் அன்று முழுவதும் பழைய மெட்டுக்கே போய்க்கொண்டிருந்தான்.

விழா அன்று மேடையில் இருபது குரல்கள் ஒன்றாய் இழுத்தன. "வருக... வருக..."

மூன்றாவது வரிசையில் வள்ளியின் அம்மா சட்டென்று எழுந்தாள். நாற்காலிக்குக் கீழே கைவிட்டுக் குடத்தைத் தேடினாள். அங்கே அப்பாவின் செருப்புதான் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் அரங்கம் முழுவதும் எழுந்த சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை.