இடப்பக்கம் வந்த மானிட்டர்

2005, விஜயதசமி முடிந்து மூன்றாம் நாள். டில்லி கரோல் பாக்கில் பூவராகவன் வீட்டுக் கதவைத் தட்டிய ஜெயலட்சுமிக்கு, தரப்பட்ட காபியைக் குடிக்கக்கூட மனமில்லை. ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள்தேர்வுக் கேள்வித்தாள்களை வீட்டிலிருந்தே தமிழாக்குபவள் அவள். சரஸ்வதி பூஜையன்று காலை பத்தரைக்கு, அவள் லேப்டாப்பிலிருந்து கேள்வித்தாள் வெளியே போயிருந்தது. அனுப்பியவர் யாரென்று இன்று மாலை ஐந்துக்குள் சொல்லாவிட்டால் வேலை போகும், போலீஸும் வரும்.

"அன்னிக்கு அதைப் பூஜையில வெச்சிருந்தேன் சார். தொடவே இல்ல. ஆபீஸ்ல சொன்னா சிரிக்கறா."

பூவராகவன் சிரிக்கவில்லை. அரசு விசாரணைப் பிரிவில் முப்பது வருஷம் பொய் கேட்டவருக்கு, உண்மை சொல்பவர்களின் திணறல் நன்றாகவே தெரியும். தங்கை மகள் மதுமதியையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

மேஜை நடுவில், சந்தனக் குங்குமப் பொட்டோடு லேப்டாப். வலப்பக்கம் சரஸ்வதி படமும் புத்தகங்களும், இடப்பக்கம் பெரிய மானிட்டர். ஒன்றில் ஆங்கிலம், மற்றதில் தமிழ் என்று வேலை செய்வதற்காக ஆபீஸ் ஆள் மானிட்டரை வலப்பக்கம்தான் பொருத்தியிருந்தான். பூஜையன்று காலை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, படம் வைக்க இடம் வேண்டி அவள் அதை இடப்பக்கம் நகர்த்தினாள். மறுநாளே நிறுவனம் லேப்டாப்பைத் தொடக்கூடாது என்றுவிட்டது.

பூஜையன்று பத்து மணிக்கு அவள் அக்கம்பக்கத்துக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கப் போனபோது, வீட்டில் இருந்தவர்கள் கணவன் கஸ்தூரிரங்கனும் அவன் தம்பி ப்ரணவும். கடவுச்சொல் கல்யாணத் தேதி, இருவருக்கும் தெரியும். இருவருமே தொடவில்லை என்றார்கள்.

"ப்ரணவ் அந்தப் பரீட்சை எழுதறான். கேஸ் கதம், மாமா" என்று மதுமதி கிசுகிசுத்தாள். கொஞ்சம் பொறு என்றார் பூவராகவன்.

நிறுவனத்திடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு, எல்லோரையும் கூப்பிட்டார். ஒரு கடிதத்தைத் திறந்து பெரிய திரைக்கு நகர்த்தும்படி ஜெயலட்சுமியிடம் சொன்னார். அவள் மவுஸை இடப்பக்கம் தள்ளினாள். கடிதம் ஓரத்திலேயே நின்றது. மறுபடியும் தள்ளினாள். கேபிள் லூஸாக இருக்கும் மன்னி என்று ப்ரணவ் அழுத்திப் பார்த்தான். பயனில்லை.

அவள் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் வாசற்படியிலிருந்து கஸ்தூரிரங்கன் சொன்னான்: "வலது பக்கமா தள்ளு, ஜெயா."

தள்ளினாள். கடிதம் வலது ஓரத்தில் மறைந்து, இடப்பக்கத் திரையில் வந்து நின்றது.

"மானிட்டரை நகர்த்தினது லேப்டாப்புக்குத் தெரியாது. அது வலப்பக்கமே இருக்கறதா நெனச்சிண்டிருக்கு" என்றார் பூவராகவன். "இடம் மாத்தினப்புறம் இதுல வேலை செஞ்சவருக்குத்தான் அது தெரியும். மாத்தின இவங்களுக்கே தெரியல."

கஸ்தூரிரங்கன் மறுக்கவில்லை. நாலு தடவை தோற்ற தம்பி இந்த முறையாவது தேறட்டும் என்று, கேள்வித்தாளைத் தன் இன்னொரு முகவரிக்கு அனுப்பி, மாதிரித் தாள் என்று சொல்லி அவனிடம் தந்திருக்கிறான். தம்பி அதை நண்பர்களுக்கும் காட்டிவிட்டான். ப்ரணவ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சதே நீங்கதானே" என்றாள் ஜெயலட்சுமி. அவளுக்கு அழுகை வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாள். "ஆபீஸுக்கு நீங்களே எழுதுங்கோ."

மணி நாலேகால். கஸ்தூரிரங்கன் உட்கார்ந்து, தன் பெயரைப் போட்டு எழுதி முடித்தான். பிறகு மவுஸைத் தயங்காமல் வலப்பக்கம் தள்ளினான். எல்லோரும் படிக்கும்படி கடிதம் பெரிய திரையில் நின்றது.