பதினாறாவது கல்

கல் சூடாக இருந்தது.

மார்கழி மாதம், மாலை நாலரை மணி. கணவாயில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கோபால்சாமிக்குக் காது மடல் இரண்டும் மரத்துப் போயிருந்தன. அந்தக் குளிரில் ஈர மண்ணில் கிடந்த உள்ளங்கையளவு கல், யாரோ இவ்வளவு நேரம் கைக்குள் வைத்திருந்து இப்போதுதான் கீழே விட்டதுபோல வெதுவெதுவென்று இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்று ஜவ்வாது மலையில் வெயிலே அடிக்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

எல்லாம் சங்கச் செயலாளர் ஆதிநாராயணன் செய்த வேலை. மலையில் விளையும் புளியையும் தேனையும் வாங்கி விற்கும் சங்கத்துக்கு எண்பத்தொன்றாம் வருஷம் பதினைந்தாவது ஆண்டு விழா. மற்ற ஊர்க்காரர்கள் பட்டிமன்றம் வைத்தால் இவர் ஓட்டப் பந்தயம் வைத்தார். நோட்டீசில் 'மாரத்தான்' என்றே அடித்துவிட்டார். ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலிலிருந்து நெல்லிவாசல் போகும் பாதையில் பத்தாம் மைல் கணவாய் வரை போய்த் திரும்ப வேண்டும். மாரத்தான் என்றால் இருபத்தாறு மைல் ஆயிற்றே என்று கேட்டவனிடம், "மலை மைல் நீளம் ஜாஸ்திய்யா" என்று சொல்லி வாயை அடைத்தார். பாதியிலேயே எவனும் திரும்பிவிடக் கூடாது என்பதற்கு ஒரு யோசனையும் வைத்திருந்தார். கணவாயில் காலங்காலமாகக் கிடக்கும் கல் குவியலின்மேல் காலையிலேயே சிவப்புப் பெயின்டைத் தெளித்துவிட்டு வந்தார். ஆளுக்கொரு சிவப்புக் கல்லைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால்தான் ஓடியதாகச் சேர்த்தி.

காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயம், கொடியசைக்க வந்த அதிகாரியின் ஜீப் வழியில் படுத்துவிட்டதால் மத்தியானம் இரண்டரைக்குத்தான் தொடங்கியது. பத்தொன்பது பேர் ஓடினார்கள். பத்தொன்பதாவது ஆள் கோபால்சாமி.

அது அவன் வேண்டுமென்றே எடுத்த இடம். முதலில் வருகிறவனுக்குச் சங்கத்துப் புளிக் கிடங்கில் நிரந்தரக் காவலாளி வேலை. அதே கிடங்கில் பதினோரு வருஷமாகத் தினக்கூலிக்குக் காவல் இருக்கிறான் அவன். தை பிறந்தால் நாற்பது வயது. அதற்குப் பிறகு எவனும் நிரந்தரம் பண்ண மாட்டான். இருபது வயதுப் பையன்களோடு மல்லுக்கு நிற்க அவன் கால்களுக்குத் தெம்பில்லை, அவர்களுக்கோ பொறுமை இல்லை. நாலடிக்கு ஒரு மூச்சு உள்ளே, நாலடிக்கு ஒரு மூச்சு வெளியே என்று கிடங்கைச் சுற்றி மூன்று மாதம் பழகியிருந்தான். போகும்போது கடைசி, வரும்போது ஒவ்வொருவராகத் தாண்டுவது. தங்கை திரௌபதியின் புருஷன் கிருஷ்ணன் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா மச்சான், ஓடறியா, பொணம் தூக்கினு போறியா?"

கணக்கு சரியாகத்தான் போயிற்று, குவியலைப் பார்க்கும் வரை. இடுப்புயரம் இருந்த குவியல் இப்போது இல்லை. பத்து மைல் தூக்கிக்கொண்டு ஓடப் பெரிய கல் எவனுக்கு வேண்டும்? முன்னால் வந்தவர்கள் சின்னக் கல்லாகத் தேடிப் பெரிய கற்களையெல்லாம் பள்ளத்தில் உருட்டித் தள்ளியிருந்தார்கள். நடுவில் வெறும் மண். மண்ணில் இந்த ஒரு கல். மேலே தெளித்த சிவப்பு அடியில் கிடந்த கல்லுக்கு எப்படி வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை.

"அத்த எடுக்காதீங்க."

தண்ணீர் கொடுக்க உட்கார்த்தி வைத்திருந்த மாதம்மாள். பக்கத்துச் சரிவில் சாமை விதைக்கிற மலைக்காரப் பெண்பிள்ளை.

"போறவங்க வர்றவங்க ஆளுக்கு ஒரு கல்லு போடற எடங்க இது. எடுத்து நாங்க பாத்ததில்ல. ஓட வந்த எங்காளுங்க மூணு பேரு இந்தக் கோலத்தப் பாத்துட்டு அப்டியே வூட்டுக்குப் போய்ட்டாங்க. உங்காளுங்க பதினஞ்சு பேரு எடுத்துட்டாங்க. இது ஒண்ணாவது கெடக்கட்டும்."

"இன்னாத்துக்குமா கல்லு போடறீங்க?"

"கீழ கெடக்கறவன் எழுந்துக்கக் கூடாதுன்னு."

"யாரு கெடக்கறது?"

"அத்தக் கேட்டவங்க யாரும் இல்லீங்க. போட்டுட்டுப் போய்ட்டே இருப்போம்."

அவன் கல்லை விரல்களுக்குள் மூடிக்கொண்டான். பதினோரு வருஷம். மாதம்மாள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் பானையை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினாள்.

இறக்கம் சுகமாக இருந்தது. கால்கள் தாமாகவே விழுந்தன. இரண்டு பக்கமும் மூங்கில் புதர்கள் பனியில் சொட்டிக்கொண்டிருந்தன, எங்கோ சாமைத் தாள் எரிந்த வாசனை காற்றில் வந்து வந்து போயிற்று, வெளிச்சம் மெல்ல மெல்ல வடிந்து பாதை சாம்பல் நிறமானது, அந்தச் சாம்பலுக்குள் அவனுடைய கேன்வாஸ் ஷூக்கள் நாலும் நாலுமாக எண்ணிக்கொண்டே போயின. ஒரு மைல் தாண்டியபோதுதான் அந்த எண்ணிக்கையில் இன்னொரு சத்தமும் சேர்ந்திருப்பதைக் கவனித்தான். வெறுங்கால் சத்தம். ஈர மண்ணில் தப், தப், தப், தப். அவன் மூச்சு விடும் இடத்தில் அதுவும் மூச்சு விட்டது.

அவனுக்குப் பின்னால் யாரும் இருக்க வழியில்லை. அவன்தான் கடைசி.

ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல நின்றான். பின்னால் இரண்டு அடி கூடுதலாக விழுந்து, நின்றது. தோண்டிய மண் வாசனை வந்தது. குனிந்தபடியே ஓடத் தொடங்கினான். திரும்பிப் பார்க்க வேண்டிய நேரம் அது, அவன் பார்க்கவில்லை. பயம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

ஏழாம் மைல் சிறுபாலத்தில் படவேட்டு ராஜாக்கண்ணு ஒரு காலை நீட்டி உட்கார்ந்து ஆடுசதையைப் பிசைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய சிவப்புக் கல்.

"நரம்பு இழுத்துக்கிச்சிண்ணா." நிமிர்ந்தவன் கோபால்சாமியைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "யாருண்ணா கூட வர்றது? நம்பர் இல்லாம ஓடறாரே?"

"யாரும் இல்ல. நீ எழுந்து வா."

தாண்டிவிட்டான். பத்தடி போவதற்குள் பின்னால் வந்த சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கல்லை எடுத்தால் வருமே, அந்தச் சத்தம். டக்.

"ராஜாக்கண்ணு!"

காலடி மறுபடி தொடங்கியது. முன்பைவிட அழுத்தமாக.

அடுத்து கண்ணமங்கலத்து மளிகைக்காரர்கள் இரண்டு பேர், வேகம் செத்துப்போய், தோளில் கை போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். "கெழவன் வந்துட்டாண்டா" என்று ஒருவன் சிரித்தான். தாண்டினான். காலடி நின்றது. சிரிப்பு நின்றது. டக். கல்மேல் கல் விழுகிற சத்தம் அது. டக்.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று புரிந்தது. ஒவ்வொரு ஆளிடமும் அது நிற்கிறது. அது நிற்கிற நேரத்தில் முப்பது, நாற்பது அடி தனக்குக் கிடைக்கிறது. முன்னால் ஆள் இருக்கும் வரை தனக்கு வழி இருக்கிறது. இப்படி நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடுதான் வேகத்தைக் கூட்டினான். கல்லைத் தூக்கி எறிந்திருக்கலாம். முன்னால் போகிறவர்களைப் பார்த்து, கல்லைப் போட்டுவிட்டு ஓடுங்கடா என்று கத்தியிருக்கலாம். கத்த வாயும் திறந்தான். எறிந்தால் வேலை போயிற்று. கத்தினால் அவர்கள் ஓடிவிடுவார்கள். பின்னால் தான் மட்டும்தான் இருப்பான். வாயை மூடிக்கொண்டான்.

நாலு. ஏழு. ஒன்பது. எல்லாரும் அவன் போட்ட கணக்குப்படியே களைத்துப்போயிருந்தார்கள். சிலர் அவனுக்குப் பின்னால் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார்கள். அவன் நிற்கவில்லை. பதினொன்று. காலடி இப்போது பாரம் சுமக்கிற ஆளின் காலடி. கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன. ஆனாலும் வேகம் குறையவில்லை, கூடவுமில்லை. நாலடிக்கு ஒரு மூச்சு. அவனுடைய மூச்சு. பதின்மூன்று. பதினாலு.

இருட்டிவிட்டது. தூரத்தில் சந்தைத் திடலின் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் பனியில் மஞ்சளாகத் தெரிந்தன. இன்னும் அரை மைல். முன்னால் ஒரே ஒருவன். மஞ்சள் பனியன், முதுகில் ஏழாம் நம்பர்.

கிருஷ்ணன் ஓடவில்லை. நின்றுகொண்டிருந்தான்.

"வா மச்சான், வா. உனக்கோசரம் கால் மணி நேரமா நிக்கறேன்." கல்லை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தூக்கிப் போட்டு விளையாடினான். "எனக்கு நெலம் கீது, எனக்கு இன்னாத்துக்கு வேலை? திரௌபதி நேத்தே சொல்லிட்டா, அண்ணனுக்கு வுட்டுக் குடுத்துடுன்னு. நீ முன்னாடி போ. நான் பின்னாலயே வர்றேன்."

கோபால்சாமிக்குச் சொல்ல வேண்டியது தெரிந்திருந்தது. மாப்ள, கல்லைப் போட்டுட்டு என் கூட ஓடி வா. பத்து வார்த்தைகூட இல்லை. பின்னால் மூங்கில் வளைவில் கற்கள் உரசின. தப், தப், தப், தப்.

"யாரு மச்சான் அது, உன் பின்னால..."

தாண்டினான்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓடினான். காலடி நின்றது. காதைப் பொத்தத் தோன்றியது; ஒரு கையில் கல் இருந்தது. ஒரு காதை மட்டும் பொத்தினான். மற்றக் காதில் கேட்டது.

டக்.

திடலில் தப்பட்டை அடித்தார்கள். யாரோ தோளில் துண்டைப் போட்டார்கள். ஆதிநாராயணன் சிரித்துக்கொண்டே, "அட, நம்ம கோபால்சாமி! எங்க, கல்லக் காட்டுய்யா" என்றார். விரல்கள் திறக்கவில்லை. குளிரில் மரத்திருக்கும் என்று நாலு பேர் சிரித்தார்கள். உள்ளே கல் மட்டும் சுட்டது.

திரௌபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோர்ச் சொம்போடு வந்தாள். அவள் முகமெல்லாம் சந்தோஷம். "ஜெயிச்சிட்டியாண்ணா! அவரு எங்க?"

அவன் அவளைப் பார்த்தான்.

"பின்னால வர்றாரு."

"அதோ!" என்றாள்.

விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், பனிக்குள், மஞ்சள் பனியன். பனியன் முழுக்க மண். முகம் பனியில் தெரியவில்லை. இரண்டு கைகளாலும் எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வந்தது, அவசரமே இல்லாமல், நாலடிக்கு ஒரு மூச்சாக. தப்பட்டை ஒவ்வொன்றாக நின்றது.

"திரௌபதி, போவாத" என்றான். சத்தம் வெளியே வரவில்லை.

அவள் ஓடினாள். சொம்பைக் கீழே வைத்தாள். அவள் குரல் மட்டும் கேட்டது, வீட்டில் புருஷனைக் கடிந்துகொள்கிற அதே குரல். "இன்னாங்க இது, ஒருத்தரே இவ்ளோ கல்லத் தூக்கினு வர்றீங்க? குடுங்க இப்டி." முந்தானையை ஏந்தினாள். ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுக்கொண்டாள். டக். டக். கோபால்சாமி எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினாலு. பதினஞ்சு.

பிறகு பேச்சு இல்லை.

திரௌபதி திரும்பி நடந்து வந்தாள். பாரத்தில் முந்தானை தாழ்ந்து தொங்கியது. நாலடிக்கு ஒரு மூச்சு உள்ளே. நாலடிக்கு ஒரு மூச்சு வெளியே. அவளுக்குப் பின்னால், காலியான இரண்டு கைகளை நீட்டியபடி, அதுவும் நடந்து வந்தது.

அவன் எதிரே வந்து நின்றாள். அவள்மேல் தோண்டிய மண் வாசனை அடித்தது. முந்தானையின் வாயை அவனை நோக்கி விரித்துப் பிடித்தாள்.

"அந்த ஒண்ணையும் குடுண்ணா."

அவன் விரல்கள் தாமாகவே திறந்தன.