அம்மாவின் சிலுவையில் ஒரு பெயர்

கல்லறைத் திருநாள் அன்று வில்லியனூரில் காலையிலேயே மழை விட்டிருந்தது. அம்மா இறந்த பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள் அது. அம்மாவின் சிலுவைக்கு அப்பா அந்தோணிசாமி வெள்ளை அடித்து வைத்திருந்தார். பெயர் எழுதும் வேலையை ஜோஸ்பின் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜோஸ்பின் ஆறாம் வகுப்பு. நோட்டில் ஓர் எழுத்து சாய்ந்தாலும் பக்கத்தையே கிழித்துவிடுவாள். பள்ளி திறந்த இரண்டே மாதத்தில் அவள் நோட்டுகள் இளைத்துப்போகும்.

அப்பா பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். கல்லறைத் தோட்டத்தில் ஜோஸ்பின் பிரஷைக் கறுப்பு பெயின்டில் தோய்த்தாள். 'செல்வகுமா' வரை எழுதியதும் சிலுவையின் குறுக்குக்கட்டை முடிந்துவிட்டது. 'ரி'க்கு இடமில்லை. பெயின்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாள்.

அடுத்த முறை 'ல்' கீழே இறங்கிவிட்டது. துடைத்தாள். அதற்கடுத்து 'கு' குண்டாகிவிட்டது. அதையும் துடைத்தாள். வெள்ளைச் சிலுவை சாம்பல் நிறமானது.

"க்கா, நான் ஒரு எழுத்து எழுதட்டா?" தம்பி அரசு கேட்டான். அவன் ஒன்றாம் வகுப்பு.

"தொடாதடா. கோணலா போவும்."

"நீ எழுதுனதும் கோணலாத்தான் போச்சு."

ஜோஸ்பின் முறைத்தாள்.

மணி அடித்தது. ஃபாதர் வந்துவிட்டார். ஒவ்வொரு சிலுவையிலும் உள்ள பெயரைப் படித்து, ஜெபித்து, தீர்த்தம் தெளித்தபடி வரிசையாக வந்தார். டப்பாவின் அடியில் கொஞ்சம் பெயின்ட்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை துடைத்தால் அம்மாவுக்குப் பெயரே இருக்காது. ஜோஸ்பினுக்குப் பயமாக இருந்தது.

அரசு பக்கத்துக் கல்லறையில் இருந்த உயிர்த்த இயேசுவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"க்கா, இயேசுதான் உசுரோட எழுந்துட்டாரு இல்ல? கையில ஆணி ஓட்ட இன்னும் ஏன் இருக்குது?"

"அது அப்படியேதான் இருந்துச்சு. நம்பாத சீடரு தோமாகிட்ட கூடக் காட்டினாரு."

"கடவுள் நெனச்சா சரி பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருக்கலாம்..."

"அதோடவா மோட்சத்துக்குப் போனாரு?"

"ஆமாடா."

"அங்க யாரும் இன்னா இதுன்னு கேக்கலியா?"

ஜோஸ்பினுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவளும் படத்தைப் பார்த்தாள். காயத்தை மறைக்காமல் அந்தக் கைகள் விரிந்திருந்தன.

"இயேசுவே, எனக்கு இவ்ளோதான் எழுத வருது. இத எடுத்துக்கோங்க" என்று மெல்லச் சொன்னாள்.

பிறகு எழுதினாள். 'கு' மறுபடியும் குண்டாகத்தான் வந்தது. விட்டுவிட்டாள். இந்த முறையும் கடைசி எழுத்துக்கு இடமில்லை.

"அரசு, கீழ நீ 'ரி' போடு."

"நானா? கோணலா போவுமே!"

"போவட்டும்."

நாக்கைத் துருத்திக்கொண்டு அரசு எழுதினான். அவனுடைய 'ரி' குறுக்குக்கட்டைக்குக் கீழே தனியாகப் படுத்துக் கிடந்தது.

அப்பா பூவோடு ஓடிவந்தார். சிலுவையைப் பார்த்தார். இருவரையும் அணைத்துக்கொண்டார்.

ஃபாதர் குனிந்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "செல்வகுமாரி."

எத்தனையோ மாதம் கழித்து அம்மாவின் பெயரை யாரோ சத்தமாகச் சொல்லிக் கேட்டாள் ஜோஸ்பின். அப்பாவின் சட்டையில் முகம் புதைத்து அழுதாள். தீர்த்தம் மூவர் மேலும் தெறித்தது.

ஃபாதர் நகர்ந்ததும் அரசு அவள் கையை இழுத்தான்.

"க்கா, அம்மா இத படிச்சிருக்குமா?"

"படிச்சிருக்கும்டா. உன்னோட 'ரி'யத்தான் மொதல்ல படிச்சிருக்கும்."