துணி சுற்றும் விளையாட்டு

சாமான் அறையைத் திறந்ததும் ஜெஸீமாவுக்கு முதலில் வந்தது வாசம்தான். கடல் வாசம். அந்த அறைக்கும் கடலுக்கும் நடுவில் சாய்ந்தமருது ஊர் முழுவதும் கிடந்தது; சுனாமிக்குப் பிறகு முகாம் போட்டிருந்த இடம் வயல் பக்கம், அங்கே சேற்று வாசமும் தவளைச் சத்தமும் தவிர வேறொன்றும் வராது. அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கதிரைகளுக்குப் பின்னால், தகரச் சுவரோடு ஒட்டிக் கிடந்த வெள்ளைத் துணிப் பொதியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். கூரையில் ஒழுக்கு இல்லை, நிலம் காய்ந்து கிடந்தது, பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டிகள்கூட மொறுமொறுவென்று இருந்தன. பொதி மட்டும் ஊறி, மடிப்புகளுக்குள் மணல் பிடித்திருந்தது.

வேறொரு நாளென்றால் அங்கேயே நின்று யோசித்திருப்பாள். நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாள், இரவெல்லாம் தொழுகை, விடிந்தால் வேலை. யோசிப்பதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு மிஞ்ச வேண்டுமே. பொதியை வெளியே இழுத்து, உள்ளேயிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள்.

"மசூர் காக்கா, இந்த அறைக்குள்ள ஆரும் வந்தாங்களா?"

முகாம் காவலாளியான மசூர் காக்கா, வாசல் படியில் வைத்திருந்த பூசணிக்காயை வெறுப்போடு பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக் காட்டினார். "திறப்பு என்ட இடுப்பிலதான் இரிக்கி புள்ள. ஆரு வாற? நோன்பு மாசத்தில ஷைத்தானெல்லாம் சங்கிலியில கட்டிக் கிடக்கிற, நீ பயப்படாத" என்றார். பிறகு பூசணிக்காயைக் காலால் தொட்டுக் காட்டினார். "கறிக்கு ஆகிற சாமானுக்குக் கண்ணும் மூக்கும் வெட்டி வெச்சிரிக்காங்க. இதென்ன வேல?"

அந்த வேலைக்குப் பெயர் ஹலோவீன். முகாமின் சிறுவர் நிலையத்தை நடத்திய வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து வந்த லிண்டா சொன்ன பெயர் அது. அவளுடைய நாட்டில் ஒக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு விளையாடுவார்களாம். பயத்தை விளையாட்டாக்கினால் பயம் போய்விடும் என்று லிண்டா மனதார நம்பினாள். பாண்டிருப்பிலிருந்து மொழிபெயர்க்க வந்த வசந்தினிக்குத் தாய்மார் என்ன சொல்வார்கள் என்று தெரியும். அதனால் பேய் என்ற சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு, ‘சிறுவர் விளையாட்டு விழா’ என்று வாசல் பலகையில் எழுதினாள். "நோன்பு துறக்கிறதோட முடிச்சிடுவம் அக்கா. செய்வமா?" என்று கேட்டாள். ஜெஸீமா தலையாட்டி ஓம் என்றாள்.

சுனாமிக்குப் பிறகு அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்குப் போகிறீர்களா, ஓம். பலகை வீட்டுக்கு மாறுகிறீர்களா, ஓம். நிலையத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்வீர்களா, ஓம். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் அழுகை வரும். ஓம் என்றால் ஆட்கள் போய்விடுவார்கள்.

கடல் அவளுடைய புருஷனையும் நாலு வயது மகள் மின்ஹாவையும் கொண்டுபோயிற்று. புருஷனின் மையத்தாவது கிடைத்தது, அடக்கம் செய்தார்கள். மின்ஹா கிடைக்கவில்லை. மூத்தவன் றிபாத் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினவன். அந்தக் கை எங்கே விட்டுப்போனது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் சிரித்ததில்லை. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்ததில்லை. உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு வருவான், பிடித்துக்கொண்டே திரும்பிப் போவான். அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சியது அவன் ஒருவன்தான், அவன் ஒரு தரம் சிரித்தால் போதும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகள் வரத் தொடங்கியபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. லிண்டா கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கடதாசிச் சுருள்கள் ஈரக் காற்றில் பதமாகி, தொட்டால் கிழிந்தன. பிள்ளைகளைச் சுற்றிக் கட்டும் விளையாட்டு ஒன்றுக்காக வாங்கியவை அவை. லிண்டா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போது கொடியில் ஆடிக்கொண்டிருந்த துணிகள் அவள் கண்ணில் பட்டன.

"அக்கா, லிண்டா கேக்கிறா, அந்தத் துணிகள எடுக்கலாமா எண்டு" என்றாள் வசந்தினி. "பிள்ளைகளிட அளவுக்கே வெட்டிக் கிடக்காம். ஆரும் பாவிக்கிறாங்களா?"

அளவுக்கு வெட்டியது ஜெஸீமாதான். கடல் வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் மற்றப் பெண்களோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் பெண்களின் மையத்தையும் பிள்ளைகளின் மையத்தையும் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபன் இட்டாள். தலை முடிச்சைப் போடுமுன் பக்கத்தில் நின்ற தாயிடம், "முகத்த மூடட்டா?" என்று கேட்பாள். முகத்தைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டு ஓம் என்பார்கள். இல்லை என்று ஒருத்தியும் சொன்னதில்லை. பிறகு துணி முடிந்துபோனது. மிச்சப் பிள்ளைகள் உடுத்திருந்த ஈர உடுப்போடு அப்படியே மணலுக்குள் போனார்கள். எல்லாக் குழியும் மூடியபின் எங்கிருந்தோ ஒரு லொறியில் இந்தப் பொதி வந்தது. இனியும் பிள்ளைகளின் மையத்து கிடைக்கும் என்ற நினைப்பில் அவள் உட்கார்ந்து சின்ன அளவுகளில் வெட்டித் தள்ளினாள். முதல் துண்டை மின்ஹாவின் அளவுக்கு வெட்டினாள். அந்தத் துணிக்கு ஒருவரும் வரவில்லை.

இதையெல்லாம் சொல்லலாம். சொன்னால் லிண்டா அழுவாள், வசந்தினியும் அழுவாள், இரண்டு பேரையும் தேற்ற வேண்டிவரும். ஜெஸீமாவுக்கு அலுப்பாக இருந்தது.

"ஓம், எடுங்க" என்றாள்.

விளையாட்டுகள் நன்றாகத்தான் போயின. ஒன்றைத் தவிர. பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி அப்பிள்களை மிதக்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும் என்று லிண்டா செய்து காட்டக் குனிந்தாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்த லிண்டாவின் முகம் சிவந்துவிட்டது. ஜெஸீமா ஒருவரையும் கேட்காமல் பேசினைத் தூக்கி வாசலில் கொட்டினாள். மற்றபடி கறுப்புப் பெட்டிக்குள் கையை விட்டு அவித்த நூடில்ஸைக் குடல் என்று தொட்டு அலறிச் சிரித்தார்கள். பாட்டு நின்றதும் உட்காரும் சங்கீதக் கதிரையில் இடித்து விழுந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் மணிகளைக் கொட்டுவதுபோல் சத்தம், உள்ளே ஒற்றைக் குழல் விளக்கு துடித்துத் துடித்து எரிந்தது, வியர்வை வாசமும் மெழுகுதிரியில் கருகும் பூசணி வாசமும் மூலையில் அண்டாவில் இருந்த நோன்புக் கஞ்சியின் இஞ்சி வாசமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

துணி விளையாட்டை வசந்தினி விளக்கினாள். சோடி சோடியாகச் சேர வேண்டும். ஒருவர் மற்றவரைத் துணியால் சுற்ற வேண்டும். விசில் அடித்ததும் மாற வேண்டும். சுற்றப்பட்டவர் அவிழ்த்துக்கொண்டு, தன்னைச் சுற்றியவரைச் சுற்ற வேண்டும். விசில் ஜெஸீமாவின் கழுத்தில் தொங்கியது.

பக்கத்து வீட்டு நப்லாவுக்குச் சுற்றத் தெரியவில்லை. "மிஸ், நிக்கிதில்ல, அவுந்து அவுந்து வருகிது" என்றாள். ஜெஸீமா குனிந்து துணியை வாங்கினாள். கைகள் தாமாகவே செய்தன. இடப்பக்கத்தை முதலில் மடித்து, அதன்மேல் வலப்பக்கத்தைப் போட்டு, காலில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு முடிச்சு, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்து இறுக்கி, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனபோதுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். அதற்குள் எல்லாப் பிள்ளைகளும் அவளைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். இடப்பக்கம், வலப்பக்கம், கால், இடுப்பு, தலை. மண்டபம் முழுவதும் சின்னச் சின்ன மையத்துகள் எழுந்து நின்று சிரித்தன. லிண்டா கைதட்டினாள்.

அல்லாஹ்வே, இதை நான் ஏன் கொடுத்தேன்? நிறுத்தச் சொல்லலாம் என்று திரும்பினாள். அப்போதுதான் றிபாத் சிரிப்பதைக் கண்டாள்.

அவன் சாமான் அறைக் கதவுக்குப் பக்கத்தில், விளக்கு எட்டாத மூலையில் நின்றான். அவனுக்கும் ஒரு சோடி கிடைத்திருந்தது. குள்ளமான பிள்ளை, தலை முதல் கால்வரை வெள்ளையாக மூடியிருந்தது. றிபாத் அதன் தலை முடிச்சைப் போட்டுவிட்டுக் குனிந்து குனிந்து சிரித்தான். எதையோ காதுக்குள் சொன்னான். மறுபடியும் சிரித்தான். ஜெஸீமாவின் கண் நிறைந்துவிட்டது. எந்த வீட்டுப் பிள்ளையோ, அது நல்லாயிருக்கட்டும் என்று வாழ்த்தினாள். அந்தத் துணி அந்தப் பிள்ளைக்கு ஒரு விரற்கடைகூட மிஞ்சாமல் பொருந்தியிருந்ததைப் பார்த்தாள். பார்த்தும் மனதில் எடுக்கவில்லை. மகன் சிரிக்கிறான். விளையாட்டை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

விசிலை எடுத்து ஊதினாள். "மாறுங்க, மாறுங்க" என்றாள்.

விளக்கு அணைந்தது.

பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், பாதி பயம், பாதி விளையாட்டு. அதற்குள் ஊர்ப்பக்கமிருந்து மழைக்குள்ளால் நோன்பு துறக்கும் பாங்கு கேட்டது. விளையாட்டு போன இடம் தெரியவில்லை. துணிகளை இழுத்து எறிந்துவிட்டு எல்லோரும் கஞ்சி அண்டாவை நோக்கி ஓடினார்கள். வசந்தினி மெழுகுதிரி கொளுத்தினாள். ஜெஸீமா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை றிபாத்துக்கென்று கையில் வைத்துக்கொண்டு தேடினாள். அண்டாவடியில் அவன் இல்லை. வாசலில் இல்லை. அவளுடைய முந்தானையைப் பிடிக்க ஒரு கை வரவில்லை.

"நப்லா, றிபாத் எங்க?"

நப்லாவின் மேலுதட்டில் கஞ்சி ஒட்டியிருந்தது. "சாமான் அறைக்குள்ள போனான் மிஸ்."

"ஆரோட போனான் புள்ள?"

"ஆருமில்ல. அவன் வெறுந்துணியத்தானே சுத்திக்கிருந்தான். உள்ளுக்கு ஆளில்ல மிஸ்." சிறுமி ஒரு வாய் கஞ்சி குடித்தாள். "பொறகு அது எழும்பி நிண்டிச்சி. பொறகு அவன்ட கையப் புடிச்சிக்கிட்டுப் போச்சி."

பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது சொல்லும். ஜெஸீமா அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். நோன்பு மாதத்தில் ஷைத்தான்கள் கட்டிக் கிடக்கின்றன, மசூர் காக்கா சொன்னாரே. ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு, நிலத்தில் சிதறிக் கிடந்த வெள்ளைத் துணிகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, பின்பக்கமாக நடந்தாள். மூலைக்குக் கிட்டப் போனபோது காலடியில் நிலம் மாறியது. சீமெந்தின்மேல் மணல். ஈர மணல். கஞ்சி வாசம் பின்னால் நின்றுவிட்டது. கடல் வாசம் வந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தமும் இருந்தது, வந்து வந்து திரும்பும் சத்தம், பத்து மாதமாக அவள் காதில் விழாமல் ஒதுங்கியிருந்த சத்தம்.

கதவு சாத்தியிருந்தது.

உள்ளே றிபாத் சிரித்தான்.

ஷைத்தான்கள் கட்டிக் கிடக்கின்றன. அப்படியென்றால் இது ஷைத்தானில்லை. மெழுகுதிரியைக் கதவுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பேரீச்சம்பழம் கையிலிருந்து விழுந்தது.

கதவைத் தள்ளினாள்.

மெழுகுதிரி வெளிச்சம் கொஞ்சம்தான். நிலத்தில் றிபாத் நீட்டிக் கிடந்தான். வெள்ளைத் துணி. இடப்பக்கம் கீழே, வலப்பக்கம் மேலே. காலில் முடிச்சு. இடுப்பில் முடிச்சு. முகம் மட்டும் வெளியே. சிரித்துக்கொண்டிருந்தான். வாயோரத்தில் தண்ணீர் வடிந்தது.

"தங்கச்சிட முறை வந்திட்டு உம்மா" என்றான். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.

அவன் தலைமாட்டில் அது குந்தியிருந்தது. தலை முடிச்சு அவிழ்ந்து துணி தோளில் கிடந்தது. ஈர முடி. முடிக்குள் மணல். சின்ன விரல்கள் துணியை இரண்டு தரம் இழுத்து இறுக்கின. ஜெஸீமாவின் கை செய்வதைப் போலவே.

கதிரைகளுக்குப் பின்னால் அசைவு. இன்னும் பிள்ளைகள். சின்னவை, பெரியவை. சுவர்வரைக்கும். ஈர உடுப்போடு. ஒவ்வொன்றின் கையிலும் அவள் வெட்டிய துண்டு. ஒன்றும் பேசவில்லை. தங்கள் முறைக்குக் காத்து நின்றன.

தலைமாட்டில் இருந்தது நிமிர்ந்து பார்த்தது. மின்ஹாவின் முகம். மெலிந்திருந்தது.

"முகத்த மூடட்டா உம்மா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். ஜெஸீமா வாயைத் திறந்தாள். நாக்கு அந்தச் சொல்லைத் தேடியது. பின்னால் மண்டபத்தில் பிள்ளைகள் கஞ்சிக்குச் சண்டை பிடித்தார்கள். மெழுகு அவள் கையில் உருகி வழிந்தது. அறைக்குள் நின்ற எல்லா முகங்களும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

துணியின் ஓரம் றிபாத்தின் நாடிவரைக்கும் வந்து நின்றது. சின்னக் கை, சொல் வரட்டும் என்று, அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.