வரைந்த பெருக்கல் குறி

குவைத்திலிருந்து நாஜியாவின் அப்பா அவளுக்கு மடிக்கணினி அனுப்பியதிலிருந்து சிவசங்கரிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. பள்ளி விட்டதும் தெருப் பிள்ளைகள் எல்லோரும் நாஜியா வீட்டில்தான். சிவசங்கரியோடு பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்ட ஒருவரும் வருவதில்லை.

அதனால், "கம்ப்யூட்டரு பூரா விளம்பரமா வருதுடி!" என்று நாஜியா ஓடிவந்தபோது சிவசங்கரிக்கு உள்ளுக்குள் இனித்தது.

"கடைக்கு எடுத்துட்டுப் போ. எனக்கென்ன தெரியும்?" என்றாள், பொம்மைக்குக் கண் வரைந்தபடி.

"இப்ப அத்தா வீடியோல வருவாங்க. வெள்ளிக்கிழமை மட்டுந்தான் அவங்களுக்கு லீவு. போன வாரம் காது மட்டுந்தான் தெரிஞ்சுது. மூஞ்சி மேல சோப்பு விளம்பரம் குந்திக்கிச்சு!"

சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாஜியாவின் கண்கள் நிறைந்திருந்தன. ஒற்றைக் கண் பொம்மையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

நாஜியா வீட்டில், திரை முழுக்க விளம்பரங்கள்.

"மூலையில இருக்குற பெருக்கல் குறிய அமுக்குனா மூடணும்ல? இது ரெண்டு ரெண்டா வருது!"

சிவசங்கரி திரையில் மூக்கு முட்டப் பார்த்தாள். அந்தக் குறியின் ஓரம் கலங்கியிருந்தது.

"தொடாத! இது வரைஞ்ச குறி. நான் வரையுற பொம்மைக் கண்ணு மாதிரி. அது பாக்காது, இது மூடாது. ஏதாவது புதுசா ஏத்துனியா?"

"ஓசி கேம் ஒண்ணு..."

பள்ளிக் கணினி அறையில் கற்றபடி, கணினியில் ஏற்றியிருப்பவற்றின் பட்டியலைத் திறந்தாள் சிவசங்கரி. விளையாட்டோடு, கேட்காத இன்னொன்றும் அதே நாளில் ஏறியிருந்தது. நீக்கப் போனால், 'பாதுகாப்பாக வைத்துக்கொள்' என்று பெரிய பச்சைப் பொத்தான். நாஜியாவின் விரல் அதன்மேல் பாய்ந்தது.

"இருடி!"

கீழே, சாம்பல் நிறத்தில் எறும்பு போல ஒரு சொல்: 'நீக்கு'. அதை அழுத்தினாள். விளையாட்டையும் நீக்கினாள்.

அணைத்துப் போட்டதும் சோப்பு விளம்பரம் மறுபடி வந்தது.

"போச்சு!" என்றாள் நாஜியா.

"பிரவுசருக்குள்ளயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு." அதையும் தேடிப் பிடித்து நீக்கினாள் சிவசங்கரி.

அழைப்பு வந்தது. அத்தாவின் முகம் முழுதாகத் தெரிந்தது.

"யாரும்மா சரி பண்ணாங்க?"

"நம்ம சிவசங்கரிதான் அத்தா."

"அப்படியா! எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

பொம்மைக் கண்ணைப் பற்றிச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னும் இன்னும் கேட்டார்.

நாஜியாவின் உதடு மெல்லப் பிதுங்கியது. "எங்கிட்ட எப்ப பேசுவீங்க அத்தா?"

அந்தப் பிதுங்கலைச் சிவசங்கரிக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் அது தன் முகத்தில்தான் இருந்தது. மடிக்கணினியை நாஜியாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நான் போயிட்டு வரேன்டி. பொம்மைக்கு இன்னொரு கண்ணு பாக்கி."

"ஏய், வரைஞ்சிடாத! பேசிட்டு ஓடியாறேன். அந்தக் கண்ணு எனக்கு!"