ஈரம் காயாத மெத்தை

"ஏப்ரல் 9, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மெத்தை உறையை வேகவைத்த கொதிநீரை முற்றத்துச் சாக்கடைக் குழியில் கொட்டினேன். மூன்று வாளி. மூன்றாவதுக்கு பிஸ்மில்லா சொல்லவில்லை. கை சுட்டது, அவசரம். இரண்டாவதுக்குச் சொன்னேனா என்பதும் உறுதியில்லை."

மாலை வகுப்பு ஆசிரியை தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருந்ததால் கெல்தூம் எழுதினாள். எழுதியதை இரண்டு முறை படித்தாள். இதெல்லாம் ஒரு தவறா என்று தோன்றியது. ஆனாலும் அடிக்கவில்லை.

மொரோக்கோவின் மெக்னெஸ் பழைய நகரத்தில் அந்த வீட்டுக்குக் குடிவந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நடுவே ஓடு பதித்த முற்றம், முற்றத்தின் நடுவே சாக்கடைக் குழி, உள்ளறையில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கம்பளி மெத்தை. அதில் படுத்த முதல் நாளே நாலு வயது வியாமுக்கு மூச்சு இழுத்தது.

"மெத்தையப் பிரிச்சு, கம்பளியை அலசி, நல்லா வெயில்ல போடுங்க. தூசி போகலேன்னா இந்தப் புள்ளைக்கு இழுப்பு நிக்காது" என்று சுகாதார நிலையத்து நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதையெல்லாம் வரிசை தப்பாமல் செய்தாள் கெல்தூம். உறையைக் கொதிக்க வைத்தாள். கம்பளி சுருங்கிவிடும் என்பதால் அதை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசினாள். மாடியில் பரப்பி, பிரம்பால் அடித்து, கையால் பஞ்சு பஞ்சாகப் பிரித்தாள்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட மூதாட்டி லல்லா தாமு எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, அந்த ஆட்டுக்கே இத்தனை குளியல் கிடைச்சிருக்காது!"

"புள்ளைக்கு முடியல, லல்லா."

"அது சரி. கொதிநீரை ஊத்தறப்போ அல்லா பேர் சொன்னியா? குழிக்குக் கீழ குடியிருக்கற ஜின்னுங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும். தூங்கிட்டு இருக்கும்."

"சொன்னேன்" என்றாள் கெல்தூம்.

சனிக்கிழமை மாலை மெத்தையைத் தைத்து முடித்தாள். ஞாயிறு காலை அதன் நடுவில் ஈரம்.

"படுக்கையிலயே போயிட்டியா?"

"நான் இல்லம்மா." வியாமின் பாவாடை காய்ந்திருந்தது.

மறுபடி பிரித்தாள், அலசினாள், அடித்தாள், மூன்று நாள் வெயில் காட்டித் தைத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசித் துளை. புதன் காலை பார்த்தால் அதே இடத்தில் ஈரம். இம்முறை அதற்கு ஓர் உருவம் இருந்தது. தலை, தோள், மடக்கிய கால். வியாமை விடச் சின்ன உருவம்.

தொட்டாள். வெதுவெதுவென்றிருந்தது.

"எழுதப் படிக்கப் போறவளுக்கு ஒரு மெத்தையக் காயவைக்கத் தெரியல" என்றான் கணவன் அய்யாஷி, ரொட்டியை எண்ணெயில் தோய்த்தபடி.

"வாங்களேன், நீங்க காயவைங்க! ஒரு வாரமா இதோட மல்லுக்கட்டுறேன், ஒரு கை பிடிச்சீங்களா?" கத்திவிட்டு அழுதாள். அவன் கடைக்குப் போனதும் வியாமைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

வியாழன் காலை மெத்தையை அப்படியே மாடியில் போட்டாள். நண்பகலுக்குள் மொறுமொறுவென்று காய்ந்தது. முகர்ந்து பார்த்தாள், வெயில் வாசனை மட்டும். உள்ளறையில் விரித்துவிட்டு முற்றத்து நிழலில் பருப்பு பொறுக்க உட்கார்ந்தாள். தெருவே உண்ட மயக்கத்தில் கண்ணயர்ந்திருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

உள்ளே மூச்சு இழுத்தது.

விசில் போல மெல்லிய, பழகிய இழுப்பு.

"இதோ வந்துட்டேன், வியாம்" என்று எழுந்தாள். நாலு அடி வைத்தாள்.

நின்றாள்.

வியாம் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

அப்போது சாப்பாட்டுக்கு வந்த அய்யாஷி நடையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். "சத்தம் போடாத. பாப்பா இப்பத்தான் அசந்திருக்கா போல. எப்பக் கூட்டிட்டு வந்த?" என்று கிசுகிசுத்தான்.

அவள் உள்ளறை வாசலுக்குப் போனாள். திரையை விலக்கினாள். சோப்பும் வெந்த தோலும் கலந்த வாடை அடித்தது. மெத்தையில் யாருமில்லை. நடுவில் மட்டும் அந்தச் சின்னக் குழிவு, ஈரமாக. அதன் நெஞ்சுப் பக்கம் துணி ஏறியது, இறங்கியது. ஏறியது.

அய்யாஷியின் கையிலிருந்து செருப்பு விழுந்தது.

"மன்னிச்சிரு, தாயி. கை சுட்டுச்சு, மறந்துட்டேன்" என்று அந்த வெற்றறையிடம் சொன்னாள் கெல்தூம்.

இழுப்பு நிற்கவில்லை. அவள் தலை குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தாள். சாக்கடைக் குழியிலிருந்து மெத்தையின் தலைமாடு வரை ஈரக் காலடிகள். பெரியவை, பெண்ணுடையவை. வந்த தடம் மட்டும்தான் இருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

"ஏப்ரல் 17, வியாழன். இரண்டாவது வாளிக்குச் சொன்னேன். மூன்றாவதுக்குத்தான் சொல்லவில்லை. இப்போது உறுதியாகத் தெரியும், கிடப்பது ஒரே ஒரு பிள்ளை. மெத்தை சுத்தமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அவள் வெந்துபோன தன் பிள்ளையை அதில் கிடத்தியிருக்கிறாள்.

நாளை: கம்பளி வாங்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, வியாமுக்கு வேறு மெத்தை தைக்க வேண்டும். இதைப் பிரிக்கக் கூடாது."